ஸ்டான்லி ஏறாத மலைகள்

இந்த மே மாதம் கழுதையாக இருப்பதில்லை என்று ஸ்டான்லி முடிவு செய்துவிட்டார்.

முடிவு எடுத்த இடம் செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அவர் வீட்டுக் குளியலறை. அந்த வீட்டில் அவர் தனியாக முடிவெடுக்கக் கூடிய இடம் அது ஒன்றுதான். வயது நாற்பத்தேழு. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டுகூட வெளியே போகாது. அப்பேர்ப்பட்ட மனிதர் வருஷத்தில் பத்து நாள் கழுதையாக இருந்தார்.

காரணம் அவர் மனைவி ஜாக்குலின். பள்ளிக்கூட டீச்சர். அது போதாதென்று அவர்கள் சபையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும், அதாவது வீ.பி.எஸ்.ஸுக்கும், ஒன்பது வருஷமாக அவள்தான் தலைவி. மே மாதம் பத்து நாள் காலையில் சபைப் பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, கைவேலை. கடைசி நாள் நாடகம். ஸ்டான்லியின் கம்பெனியிலும் மெஷின்களைப் பிரித்துத் துடைக்க வருஷத்துக்குப் பத்து நாள் ஷட்டவுன் விடுவார்கள். அதுவும் மே மாதம்தான். அதே பத்து நாள்தான். இது தற்செயல் என்று ஸ்டான்லி முதல் வருஷம் நம்பினார். ஜாக்குலின் கம்பெனி காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீ.பி.எஸ்.ஸுக்குத் தேதியே குறிக்கிறாள் என்று கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

நாடகத்தின் கதை வருஷா வருஷம் மாறும். கழுதை மாறாது. கழுதைக்கு வேலையே இல்லாத கதையிலும் ஓரமாக ஒரு கழுதை கட்டிக் கிடக்கும். சாக்குத் துணியில் உடம்பு, அட்டையில் காது. கத்திரி வெயிலில் அதற்குள் புகுந்தால் வெந்த பனங்கிழங்காகத்தான் வெளியே வரலாம். ஒத்திகை இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு முதுகில் சவாரி வேறு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் பிப்ரவரியில் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பையன், பத்துப் பேர் நின்றுகொண்டிருந்த ஸ்டோரில் அவரை உற்றுப் பார்த்தான். பிறகு முகமெல்லாம் மலர, "சார், நீங்க எங்க வீ.பி.எஸ். கழுதை இல்ல? உங்க மேலதான் சார் நான் சவாரி பண்ணிக்கீறேன்" என்றான். அன்று முதல் ஸ்டோரில் யாரும் அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசவில்லை. சிரிப்பு வந்துவிடுமாம்.

வழி காட்டியவன் மணி. அதே கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன். ஊரில் சைக்கிள் மிதிப்பவர்கள், மலையேறுபவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் அவனும் ஒருவன்.

"மார்ச் கடைசிலேர்ந்து சனிக்கெழம சனிக்கெழம ஒரு மலை, ஒரு ரைடு. மே மாசம் பத்து நாள் தொடர்ந்து மிதிக்கணும். நட்வுல ஒரு நாள் வுட்டாலும் அவுட்டு. வா அண்ணாத்த, உனக்கும் சர்க்கரை கீது" என்றான் மணி.

ஸ்டான்லியின் காதில் விழுந்தது 'மே மாசம் பத்து நாள்' மட்டும்தான். ஒரு பழைய சைக்கிள், ஒரு ஹெல்மெட், முழங்காலுக்குக் கீழே துணியே இல்லாத ஒரு கால்சட்டை எல்லாம் அந்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டன. மனைவியின் அனுமதி மட்டும்தான் பாக்கி.

"ஜாக்குலின், டாக்டர் எனக்கு சர்க்கரை ஏறிகினே போவுதுன்னாரு இல்ல?"

"ஆமா, சொன்னாரு."

"அத்தொட்டு நானும் ஏறலாம்னு பாக்கறேன்."

"எதுல?"

"மலைல."

ஜாக்குலின் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கால்சட்டை முடியும் இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"மே மாசமுமா?"

"மே மாசந்தான் முக்கியமாம். பத்து நாள் தொடர்ந்து மிதிக்கணும். நட்வுல வுட்டா சர்க்கரை ரெண்டு பங்கா திரும்பிடுமாம்."

"அப்ப கழுதைக்கு?"

"ராஜேந்திரன் பிரதர் கீறாரே. பாவம், மனுசன் ரொம்ப நாளா ஆசைப்பட்டுகினு கீறாரு."

ஸ்டான்லி வாதாடுவதற்கு மேலும் ஏழு காரணங்கள் தயாராக வைத்திருந்தார்.

"சரி, போய்ட்டு வாங்க. உடம்புதான் முக்கியம். எங்க போனாலும் போட்டோ மட்டும் அனுப்புங்க, எனக்கு மனசுக்குத் தெம்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

ஜாக்குலின் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்ன வேறு சமயங்களை அவர் அப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அப்படி மூன்று சமயங்கள் இருந்தன. மூன்றிலும் என்ன ஆயிற்று என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் மனிதனுக்குப் பழசு எதுவும் ஞாபகம் வருவதில்லை.

முதல் சனிக்கிழமை மொட்டைப் பாறை. ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் முள்ளுக்காட்டுக்கு நடுவே ஒற்றைக் கல்லாக நிற்கும் குன்று. குழுவின் தலைவி காயத்ரி விசில் ஊதினாள். முப்பது சைக்கிள் கிளம்பியது. ஏரிக்கரை முடிவதற்குள் ஸ்டான்லிக்கு நாக்கு தள்ளிவிட்டது. இருபத்தெட்டு சைக்கிள்கள் கண்ணுக்கு மறைந்தன. மிச்சம் இருந்த ஒன்று மணியுடையது. அவன் சாவகாசமாக ஒரு நாஸ்தா கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மணி, பஞ்சரா?"

"பஞ்சருமில்ல, ஒண்ணுமில்ல. நான் எப்பவும் இங்கதான் எறங்குவேன். மூணு மாசமா குரூப்ல கீறேன் அண்ணாத்த, இன்னும் ஒரு மலைக்கும் மேல போனதில்ல."

"அப்ப உன் போட்டோலாம்?"

"அது கலை. மொதல்ல உக்காரு. இட்லியும் வடகறியும் சூடா கீது."

வீட்டில் அவருக்கு இரண்டு மாதமாகக் காலையில் சாமைக் கஞ்சி. வடகறியின் வாசனை மூக்கில் ஏறியதும் அவருக்குக் கண் கலங்கியது. ஆறு இட்லி சாப்பிட்டார். பிறகு பாறை அடிவாரத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றடி உயரத்தில் ஒரு கல் கிடந்தது. ஸ்டான்லி அதன்மேல் ஏறி இடுப்பில் கை வைத்து நின்றார். மணி மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு கீழேயிருந்து எடுத்தான். படத்தில் ஸ்டான்லியின் தலைக்குப் பின்னால் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஓரத்தில் ஓர் ஆடு மட்டும் வந்து நின்றுவிட்டது.

அன்று மத்தியானம் ஜாக்குலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஆடு கூட அந்த உச்சிக்கு ஏறிக்கீது?"

"ஆடு ஏறாத மலையா? என் பின்னாலயே வந்துச்சி."

"மேல நெழல் கீதா?"

"இன்னா அப்படிக் கேட்ட? பெரிய மாமரம் கீது. ஜில்லுன்னு காத்து."

"தண்ணி?"

"சுனை. கையால மொண்டு குடிச்சேன். கல்கண்டு மாதிரி கீது."

"உக்கார எடம்?"

"ஐநூறு பேர் உக்காரலாம். மேடை கட்டினாப்ல பாறை."

"நல்ல எடமா கீதே" என்றாள் ஜாக்குலின். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. கட்டின மனைவி தன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று ஸ்டான்லிக்கு நெஞ்சு விம்மியது. ஒரு மாமரத்தோடு நிறுத்தாமல் இரண்டாகச் சொல்லியிருக்கலாமோ என்றும் தோன்றியது.

அதற்குப் பிறகு அந்தக் கோடையில் ஸ்டான்லி மாதிரி ஓடியாடியவர் யாருமில்லை. ஒரு சனிக்கிழமை வல்லம். ஒரு சனிக்கிழமை திருக்கழுக்குன்றம். ஒரு சனிக்கிழமை அச்சரப்பாக்கம். எல்லா மலைக்கும் அடிவாரம் உண்டு, எல்லா அடிவாரத்திலும் ஒரு நாஸ்தா கடை உண்டு. எந்தக் கடையில் பொங்கலில் மிளகு தூக்கலாக இருக்கும், எந்தக் கடையில் ஏழு மணிக்கே வடை தீர்ந்துபோகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. மாமல்லபுரம் கடற்கரைப் பயணம்தான் கொஞ்சம் பேஜாரு. போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. அதற்கும் மணியிடம் வழி இருந்தது. அவன் சிநேகிதன் கலைவாணன் சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு திருவிடந்தைப் பக்கம் போய் மீன் ஏற்றி வருகிறவன். போகும்போது வண்டி காலி. வரும்போது கூடைகளுக்கு மேல் இரண்டு சைக்கிள், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வீரர்கள். ஸ்டான்லி இரண்டு சனிக்கிழமை இந்த வண்டியில் போய் வந்தார். திரும்பும்போது ஐஸ் பெட்டியில் சாய்ந்து அருமையாகத் தூங்கினார். கடற்கரைச் சாலையில் அவ்வளவு குளிர்ச்சியாக வேறு யாரும் சைக்கிள் பயணம் செய்திருக்க முடியாது.

"இன்னாங்க, மீன் வாசனை அடிக்குது" என்றாள் ஜாக்குலின்.

"கடல் காத்து. முப்பது கிலோமீட்டர் எதுர் காத்துல மிதிச்சா ஒட்டிகினு வராம?"

"பாவம்" என்று வெந்நீர் போட்டுக் கொடுத்தாள்.

படங்கள் எல்லாம் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயின. ஜாக்குலினே போட்டாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று குவிந்தது. ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லிடுங்களேன். சர்க்கரை இருக்கற மத்தவங்களுக்கும் ஒரு தைரியமா இருக்கும்."

அந்தச் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கைப் பிடித்துச் சொல்லலாம். சொல்வது சுலபம். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மைக்கில் சொன்ன சாட்சி பொய்யென்று தெரிந்தால், அதே மைக்கில், அதே சபைக்கு முன்னால்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் குடியை விட்டுவிட்டதாகச் சாட்சி சொல்லி, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார். இன்றைக்கும் அவருக்கு ஊரில் 'ரிட்டன் சாட்சி' என்றுதான் பெயர்.

ஸ்டான்லி இரண்டு வார்த்தை சொல்லத்தான் எழுந்தார். ஆனால் மைக் கைக்கு வந்து, இருநூறு பேர் முகத்தைத் தூக்கிப் பார்த்ததும், ஒன்பது வருஷமாக அட்டைக் காதுக்குள் அடைபட்டுக் கிடந்த மனிதர் வெளியே வந்துவிட்டார். "எட்டு மலை" என்றார். உண்மையில் போனது நாலு அடிவாரம். "சுனைத் தண்ணி" என்றார். "கால் தடுக்கினப்ப ஒரு கை என்னைத் தாங்கிச்சு" என்றார். தாங்கியது மணியின் கை, இட்லிக்கடைப் படிக்கட்டில். "சின்னப் பிள்ளையும் ஏறலாம். நான் கூட்டிகினு போறேன், எங்கூட வாங்க" என்று முடித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மைக் கிடையாது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாஸ்டர் இறங்கி வந்து கட்டிப்பிடித்தார். ராஜேந்திரன் கையைக் குலுக்கி, "பிரதர், உங்க எடத்துல இந்த வருஷம் நான் கழுதையா நிக்கறது எனக்குப் பெரும" என்றார். ஸ்டான்லிக்கு அன்று கால் தரையில் படவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் பாஸ்டர் அறிவிப்புகளை வாசித்தார்.

"நாளை வீ.பி.எஸ். தொடக்கம். இந்த வருஷம் நாலு சுவத்துக்குள்ள இல்ல. பத்து நாள், பத்து எடம். மலை, ஏரிக்கரை, கடற்கரை. பெற்றோர்கள் பயப்பட வேணாம். எட்டு மலை கண்டவர், நம்ம பிரதர் ஸ்டான்லி, பிள்ளைகளை முன்னால நின்னு நடத்திகினு போவாரு. நாளைக்கு மொட்டைப் பாறை. சுனை இருக்கறதால குடிதண்ணி அதிகம் தூக்க வேணாம்னுகூட நெனச்சோம். ஜாக்குலின் சிஸ்டர்தான் எதுக்கும் இருக்கட்டும்னு வேன்ல கேன் ஏத்தச் சொல்லிட்டாங்க."

நோட்டீஸ் கை மாறி வந்தது. வண்ணத்தில் அடித்திருந்தார்கள். நடுவில் மூன்றடிக் கல்மேல் இடுப்பில் கை வைத்து ஸ்டான்லி நின்றார். ஆட்டை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் பெயர் கொடுத்தாயிற்று. போன வருஷம் இருபத்திரண்டுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"ஜாக்குலின், எனக்கு முட்டி வலிக்குது."

"எட்டு மலை ஏறின முட்டி இல்ல? வலிக்கத்தான் செய்யும். நாளைக்கு ஏறினா சரியாய்டும்."

"குரூப்ல பத்து நாள் மிதிக்கணும். நட்வுல வுட்டா அவுட்டு."

"காயத்ரி கிட்ட பேசிட்டேன். பசங்கள கூட்டிகினு போறதையும் கணக்குல எடுத்துக்கறாங்களாம். அவங்களும் நாலு பேரோட துணைக்கு வர்றாங்க."

ஸ்டான்லி நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். இருபது வருஷ இல்லற வாழ்க்கையில் வேறு வழி ஏதும் இல்லாதபோது மட்டும் அவர் கையாளும் முறை இது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் மலை ஏறல."

"எந்த மலை?"

"எந்த மலையும்."

"தெரியும்" என்றாள் ஜாக்குலின். ஞாயிற்றுக்கிழமை கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"எப்படி?"

"மீன்கார பூங்கொடிக்கா கலைவாணன் வண்டிலதான் மீன் எடுக்குது. 'இன்னா டீச்சரம்மா, உங்க வூட்டுக்காரு ஐஸ் பொட்டி மேல தூங்கிகினு வர்றாரு, சைக்கிள் செயின் கிரீஸு வஞ்சரம் மேலலாம் ஒட்டிகினு வருது'ன்னு வந்து சண்ட போட்டுச்சி. அந்த வஞ்சரத்த நான்தான் வாங்கினேன். புளி போட்டுத் தேச்சிக் கழுவினேன். நல்லா கீதுன்னு நாலு துண்டு சாப்ட்டீங்க."

ஸ்டான்லி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"தெரிஞ்சிகினேதான் பாஸ்டர் கிட்ட சொன்னியா? ஐம்பத்தெட்டுப் பசங்க ஜாக்குலின். மேல இன்னா கீதுன்னே எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். காயத்ரியோட ரெண்டு தபா ஏறிப் பாத்துட்டேன். பசங்களுக்கு ஆபத்து ஒண்ணுமில்ல. சுனையும் இல்ல, மாமரமும் இல்ல."

"எப்ப போன?"

"நீங்க மீன் வண்டில தூங்கிகினு இருந்தப்ப. அந்த ரெண்டு சனிக்கெழமயும் காயத்ரி கடற்கரைக்கு வரலன்னுகூட உங்களுக்குத் தெரியாது."

ஸ்டான்லி எழுந்தார். இந்த வார்த்தையை இந்தப் பிறவியில் சொல்வோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

"நான் கழுதையாவே இருந்துடறேன்."

"ராஜேந்திரன் பிரதர் சாக்க வூட்டுக்கே எடுத்துகினு போயி தொவைச்சி வச்சிக்கீறாரு. காதுக்குப் புது அட்ட. இப்ப போயி அவர் மனச ஒடைக்கறதா?"

"அப்ப நான் இன்னாதான் செய்யறது?"

"ரெண்டு வழி கீது. நாளைக்கு மலை ஏறுங்க. இல்ல, மைக்க புடிங்க." அவள் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். "ரிட்டன் சாட்சிக்கும் வயசாயிடுச்சி. பேருக்கு வேற ஆள் வேணும்."

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஸ்டான்லி மொட்டைப் பாறை அடிவாரத்தில் நின்றார். பின்னால் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், காயத்ரியின் ஆட்கள். சபை வேன் ஒரு புளியமரத்தடியில் நின்றது. அதன் படியில் கழுதை உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கழுதைக்கு மலையில் வேலை இல்லை. நாடகம் கடைசி நாள்தான். அதுவரை வேனுக்குக் காவல். நிழல், சுண்டல், மோர், காற்று. ராஜேந்திரன் காதை ஆட்டி டாட்டா காட்டினார். ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு கழுதை வேலை இருக்க முடியும் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று ஸ்டான்லிக்கு அழுகையே வந்தது.

ஏறினார். முதல் வளைவில் மூச்சு போயிற்று. இரண்டாவது வளைவில் மானம் போயிற்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போய், மேலேயிருந்து, "அங்கிள், வழி இதானே?" என்று கேட்டார்கள். "அதான், அதான்" என்றார். காயத்ரி ஒரு பக்கம் கையைப் பிடித்தாள். இன்னொரு பக்கம் பிடித்தது மணி. அவனையும் ஜாக்குலின் விடவில்லை. அவனுக்கும் இதுதான் முதல் மலை. அவன் பேச்சை நிறுத்தி வெகு நேரம் ஆகியிருந்தது.

உச்சியில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அங்கிள், சுனை எங்க?"

"வத்திடிச்சி."

"ஒரு மாசத்துலயா?"

"வெயிலப் பாத்தியா?"

"மாமரம் அங்கிள்?"

"அது... சாஞ்சிடிச்சி."

"ஐநூறு பேர் உக்கார்ற பாறை?"

"நீங்க ஐம்பத்தெட்டுப் பேர்தானே? இருக்கற எடத்துல உக்காருங்கடா."

உட்கார்ந்தார்கள். கீழே ஏரி முழுசாகத் தெரிந்தது. ரயில் ஒன்று அதன் ஓரமாக ஊர்ந்து போயிற்று. பிள்ளைகள் கையைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். ஸ்டான்லிக்கு உடம்பில் வலிக்காத இடம் இல்லை. ஆனாலும் மூன்றடிக் கல்லில் நின்றபோது வராத ஒன்று இப்போது வந்தது. உண்மையிலேயே ஏறிவிட்டோம் என்ற எண்ணம் அது. நன்றாகத்தான் இருந்தது. ஜாக்குலின் கெட்டிக்காரிதான் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் அவளிடம் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒருவேளை நாளைக்கு விட்டுவிடுவாள்.

பத்தரை மணிக்கு வேன் அவரைத் தெருமுனையில் இறக்கியது. சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. சபையில் பிள்ளைகளின் கைவேலைக்குத் தாள் வெட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார். எதிர்வீட்டு லோகநாயகி சாவியோடு வந்தாள்.

"டீச்சர் குடுக்கச் சொன்னாங்க. விடிகாலைலயே கெளம்பிட்டாங்களே. உங்க சைக்கிள்லதான். கூட ஆறு பொம்பளைங்க, எல்லாரும் தொப்பி போட்டுகினு. மாமல்லபுரம்னாங்க."

ஸ்டான்லி திகைத்துப் போய்க் கைபேசியை எடுத்தார். மறுமுனையில் காற்று, அலை, பெண்களின் சிரிப்பு எல்லாம் கேட்டன.

"ஜாக்குலின், நீ எங்க கீற?"

"கடல்ல கால் நனைச்சிகினு கீறேன்."

"உனக்கு அவ்ளோ தூரம் மிதிக்கத் தெரியுமா?"

"ஏப்ரல் பூரா பரீட்சை, மத்தியானமே வூட்டுக்கு வந்துடுவேன். நீங்க கம்பெனிக்குப் போனப்புறம் வண்டி சும்மாதானே கெடந்துச்சி. தெனமும் ஏரியச் சுத்தினேன்."

"வீ.பி.எஸ். ஆரம்பிச்ச நாள்ல தலைவி நீ அங்க போனா சபைல இன்னா சொல்லுவாங்க?"

"நோட்டீஸ்ல உங்க படத்தத் தவிர ஒண்ணும் படிக்கலியா? தலைவர்னு கீழ உங்க பேருதான் போட்டுக்கீது. ஒம்போது வருஷமா வுட்டுடுங்க பாஸ்டர்னு கேட்டுகினு கீறேன். பதிலுக்கு ஆள் காட்டுங்க சிஸ்டர்னு சொல்வாரு. இந்த வருஷம் ஆள் சாட்சியோட வந்துச்சி."

ஸ்டான்லி சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். ஜாக்குலின் மேலும் பேசினாள். குரலில் கேலி இல்லை.

"ஒம்போது மே மாசம் போச்சுங்க. ஊரே எங்கியாச்சும் போய் வரும். நான் கலர் பேப்பர் வெட்டிகினு இருப்பேன். உங்களுக்கு மட்டுந்தான் ஓடணும்னு தோணுமா?"

ஏழு காரணங்கள் தயாராக வைத்திருந்த மனிதருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"எப்ப வருவ?" என்று கேட்டார்.

"வெயில் தாழ்ந்தப்புறம் கெளம்புவோம். ஏழு பேரும் ராத்திரி நம்ம வூட்லதான் சாப்பிடறோம். சீக்கிரமா ஒலைய வைங்க."

எட்டு மலை கண்டவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"சோறு கொழைவா இருக்கணுமா, உதிரியா இருக்கணுமா?"